ரியல் எஸ்டேட் பயிற்சி: பணம் எந்தப் பக்கம் போகிறது?

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் பேருந்தில் வருகிறவர்களின் கண்ணில் முன்பெல்லாம் உப்பளமும் பனையும் வாழையும்தான் படும். இப்போது மனைப்பிரிவு விளம்பரப் பலகைகளும் கூடவே வருகின்றன. காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. 2024 பிப்ரவரி 28-ல் குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2025 ஜூலை 26-ல் தூத்துக்குடி விமான நிலையத்தின் புதிய முனையம் திறக்கப்பட்டது. அடுத்த பத்து நாளுக்குள், ஆகஸ்ட் 4-ல், வின்ஃபாஸ்ட் மின்வாகனத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. இப்படி ஒவ்வொரு செய்தி வரும்போதும் டீக்கடையில் சென்ட் விலை பற்றிய பேச்சு ஒரு படி ஏறுகிறது.

பலகைகளுக்குப் பின்னாலேயே இன்னொரு அறிவிப்பும் செல்போன் வழியாக வருகிறது: ‘ரியல் எஸ்டேட் துறையில் பெய்ட் டிரெய்னிங். பிளஸ் டூ, டிகிரி படித்தவர்கள் விண்ணப்பிக்கலாம்.’ ஆறுமுகநேரி, ஆத்தூர், குரும்பூர் பக்கம் படித்துவிட்டு வேலை தேடும் நம் பிள்ளைகள் பலருக்கு இந்த அறிவிப்பு வந்திருக்கும். விண்ணப்பிக்கலாமா, வேண்டாமா? இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. ஏனென்றால் நிலம் என்ற சொல்லுக்கும் நமக்கும் உள்ள உறவு மற்றவர்களுக்கு உள்ள உறவு போன்றதில்லை.

ஒரு சொல், இரண்டு பொருள்

முதலில் அந்த ‘பெய்ட்’ என்ற சொல்லைப் பார்ப்போம். படிக்கிறவருக்கு நிறுவனம் மாதாமாதம் உதவித்தொகை தரும் பயிற்சியும் ‘பெய்ட் டிரெய்னிங்’தான். படிக்கிறவர் நிறுவனத்துக்குக் கட்டணம் கட்டிச் சேரும் பயிற்சியும் ‘பெய்ட் டிரெய்னிங்’தான். பணம் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. அறிவிப்பு கொடுப்பவர்களில் சிலருக்கு இந்த மயக்கம் வசதியாகவே இருக்கிறது.

உதவித்தொகையுடன் பயிற்சி என்பது இந்தியாவில் சட்டப்படி இருக்கிற ஏற்பாடு. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி பயிற்சியாளருக்கும் நிறுவனத்துக்கும் இடையே எழுத்து ஒப்பந்தம் வேண்டும். அது பதிவாக வேண்டும். மாத உதவித்தொகை தர வேண்டும். குறிப்பிட்ட தொழில்களில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு இடங்கள் ஒதுக்க வேண்டும் என்றும் அதே சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. இது நம்மில் பலருக்குத் தெரியாது. 2024 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் மாதம் 5,000 ரூபாய் என்று அறிவித்தது. தாட்கோ நடத்தும் திறன் பயிற்சிகளில் பயிற்சிக் கட்டணத்தைத் தாட்கோவே ஏற்கிறது.

இவற்றில் எதிலும் பயிற்சியாளர் முன்பணம் கட்ட வேண்டியதில்லை. ஆகவே ‘பதிவுக் கட்டணம்’, ‘புத்தகக் கட்டணம்’, ‘ஐ.டி. கார்டு கட்டணம்’ என்று எந்தப் பெயரில் முதலில் பணம் கேட்டாலும் அது உதவித்தொகைப் பயிற்சி இல்லை. கட்டணம் கட்டிப் படிக்கும் பயிற்சி எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. கல்லூரிக்கும் கட்டணம் கட்டித்தான் படிக்கிறோம். ஆனால் கட்டணம் கட்டுவதாக இருந்தால், கட்டணம் கட்டுகிறோம் என்று தெரிந்து கட்ட வேண்டும். சம்பளம் வரும் என்று நம்பி வட்டிக்கு வாங்கிக் கட்டக் கூடாது.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. ‘மாதம் இவ்வளவு உதவித்தொகை, ஆனால் மாதத்துக்கு இரண்டு மனையாவது விற்றுக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் உதவித்தொகை கிடையாது’ என்பார்கள். இதற்கு உதவித்தொகை என்று பெயரில்லை, கமிஷன் என்று பெயர். அந்த இரண்டு மனையை வாங்கப் போகிறவர் யார்? சித்தப்பா, மாமா, அண்ணன், சவூதியிலோ துபாயிலோ இருக்கும் ஒன்றுவிட்ட சகோதரன். அதாவது நிறுவனத்துக்குத் தேவைப்படுவது உங்கள் திறமை இல்லை, உங்கள் உறவுக்காரர்களின் சேமிப்பு.

பி.ஏ.சி.எல். விட்டுப்போன பாடம்

இதை வெறும் அச்சமாகச் சொல்லவில்லை. நடந்து முடிந்த கதை ஒன்று இருக்கிறது. பி.ஏ.சி.எல். என்ற நிறுவனத்தின் பெயர் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் புதிதன்று. நிலம் வாங்கித் தருகிறோம், மாதத் தவணை கட்டினால் போதும், நிலமாகவோ நிலத்தின் மதிப்பாகவோ திருப்பித் தருவோம் என்று சொல்லி நாடு முழுக்கப் பணம் திரட்டினார்கள். 2014 ஆகஸ்ட் 22-ல் செபி பிறப்பித்த ஆணையில் உள்ள கணக்கு இது: ஏறத்தாழ 5.85 கோடிப் பேரிடம் 49,100 கோடி ரூபாய். பணத்தைத் திருப்பித் தரச் சொன்ன அந்த ஆணைக்குப் பிறகு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2016 பிப்ரவரியில் நீதிபதி ஆர்.எம்.லோதா தலைமையில் குழு அமைக்கப்பட்டது. சொத்துகளை விற்றுப் பணத்தைப் பகுதி பகுதியாகத் திருப்பித் தரும் வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது.

அவ்வளவு பணத்தையும் வசூலித்தது யார்? டெல்லியில் உட்கார்ந்திருந்த முதலாளிகள் வீடு வீடாக வரவில்லை. உள்ளூரில் கொஞ்சம் படித்த, நாலு பேருக்குத் தெரிந்த, வேலையில்லாத இளைஞர்களும் பெண்களும் முகவர்களாகச் சேர்ந்தார்கள். கூட்டம் நடத்திப் ‘பயிற்சி’ கொடுத்தார்கள். கோட்டு சூட்டுப் போட்டவர்கள் மேடையில் பேசினார்கள். நிறுவனம் மூடியபோது தவணை கட்டியவர்கள் போய் நின்றது அந்த முகவர்களின் வீட்டு வாசலில்தான். கமிஷனாகச் சில ஆயிரம் பார்த்தவர் வாழ்நாள் முழுக்கச் சொந்தக்காரர்கள் முகத்தில் விழிக்க முடியாமல் போனார்.

நம் தெருக்களில் இந்த இழப்புக்கு இன்னொரு பரிமாணமும் உண்டு. மற்ற சமூகங்களில் ஒருவர் முகவராகித் தோற்றால் அவருக்குத் தாங்கிப் பிடிக்க நிலமோ கடையோ இருக்கும். உப்பளத்திலும் வாழைத்தோட்டத்திலும் கூலிக்குப் போகிறவர் வீட்டில் முதல் பட்டதாரியாக வந்த பிள்ளைக்குக் கைமுதல் என்று இருப்பது அவர்மேல் ஊர் வைத்திருக்கும் நம்பிக்கை ஒன்றுதான். அதை ஒருமுறை இழந்தால் மீட்பது கடினம்.

நிலத்தை விற்கக் கற்றுக்கொள்வதா?

இங்கே இயக்கத் தோழர்கள் சிலர் ஒரு கேள்வி எழுப்புவார்கள். பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடுகிற நாம், நம் பிள்ளைகளை நிலத் தரகர்களாக ஆக்குவதா என்பதுதான் அது. நியாயமான கேள்வி. வரலாற்றைத் திரும்பிப் பார்த்தே பதில் தேட வேண்டும்.

1891-ல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் பறையர் மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். 1892-ல் அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. முதல் பத்தாண்டுகளுக்கு விற்கவோ தானம் செய்யவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதற்குப் பிறகு கைமாற்றினாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்ற வேண்டும். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பது நிபந்தனை. சென்னை மாகாணத்தில் 12 லட்சம் ஏக்கர் இப்படி ஒதுக்கப்பட்டது என்பது இயக்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. அந்த நிலத்தைத் திரும்பக் கேட்டுத்தான் 1994 அக்டோபரில் காரணைப் போராட்டம் நடந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவரைத் துப்பாக்கிச் சூட்டில் பறிகொடுத்தோம்.

இந்த நிலமெல்லாம் அடிதடியில் மட்டும் பறிபோகவில்லை. பெரும்பகுதி காகிதத்தில் பறிபோனது. கல்யாணச் செலவுக்கு வாங்கிய கடனுக்காக வெற்றுத்தாளில் வைத்த கைநாட்டு. படித்துக் காட்டாமல் எழுதிய கிரயப் பத்திரம். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டப் பதிவின்போது வேறு பெயர் ஏறிய பட்டா. இவை ஒவ்வொன்றிலும் ஒரு தரகர் இருந்தார், ஒரு பத்திர எழுத்தர் இருந்தார், சாட்சிக் கையெழுத்துப் போட ஒரு ஆள் இருந்தார். நம் பக்கத்தில் அந்தக் காகிதத்தைப் படிக்கத் தெரிந்த ஆள் இல்லை.

ஆகவே கிரயப் பத்திரத்துக்கும் பவர் பத்திரத்துக்கும் உள்ள வேறுபாடு, மூலப்பத்திரத் தொடர்ச்சி, வில்லங்கச் சான்று, அ-பதிவேடு, புலப்படம், நத்தம் நிலம், புறம்போக்கு, நிபந்தனைப் பட்டா ஆகியவற்றைக் கற்றுக்கொள்வது நிலத்தை விற்கக் கற்றுக்கொள்வது ஆகாது. நிலம் போகாமல் காக்கவும் அதே கல்விதான் வேண்டும். ஒரு சர்வே எண்ணின் அ-பதிவேட்டைப் பார்த்து இது நிபந்தனை நிலம் என்று சொல்லத் தெரிந்த ஒரு பெண் ஊரில் இருந்தால், பத்து மேடைப் பேச்சுக்கு ஆகாத வேலை அவரால் ஆகும். பட்டாவையும் அ-பதிவேட்டையும் வருவாய்த் துறையின் இணையச் சேவையிலும், வில்லங்க விவரத்தைப் பதிவுத் துறையின் இணையதளத்திலும் இன்று செல்போனிலேயே பார்க்க முடிகிறது. பார்த்ததைப் புரிந்துகொள்ளும் பயிற்சிதான் பாக்கி.

தரகு யார் கையில் இருக்கிறது?

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நாட்டின் மொத்தச் சாகுபடிப் பரப்பில் பட்டியல் சாதியினர் கையில் இருப்பது ஏறத்தாழ 9 விழுக்காடு. மக்கள்தொகையில் நம் பங்கு 16.6 விழுக்காடு, தமிழ்நாட்டில் 20 விழுக்காடு. நிலம் குறைவாக இருப்பது ஒரு பக்கம். இருக்கிற நிலம் எப்படிக் கைமாறுகிறது என்ற தகவல் நம்மிடம் வந்து சேராதது இன்னொரு பக்கம். எந்த நிலம் விலைக்கு வருகிறது, யார் விற்கிறார், என்ன விலை என்பதெல்லாம் தரகர்களின் வாய்வழியே சாதி வட்டத்துக்குள் சுற்றி முடிந்துவிடுகிறது. ‘உங்க ஆளுங்களுக்குக் கொடுக்க மாட்டாங்க’ என்ற ஒரே வாக்கியத்தில் பேச்சு முடிந்துபோன அனுபவம் இல்லாத குடும்பம் நம் தெருவில் இருக்காது.

நகரத்திலும் இதுதான் நிலை. டெல்லியிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் வாடகை வீடு கேட்டுப் போனால் தலித்துகளுக்கும் முஸ்லிம்களுக்கும் எப்படிக் கதவு மூடப்படுகிறது என்பதைச் சுகதேவ் தோரட் குழுவினர் ஆய்வு செய்து 2015-ல் வெளியிட்டார்கள். வீட்டுக்காரர் மட்டுமின்றி இடையில் நிற்கும் தரகரும் அந்தக் கதவின் ஒரு பகுதிதான் என்பது அதிலிருந்து தெரிந்தது.

அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு இந்தக் கதை நன்றாகத் தெரியும். அங்கே நிலத் தரகர்களின் தேசியச் சங்கம் 1924-ல் வகுத்த ஒழுக்க விதியிலேயே, குடியிருப்பின் மதிப்பைக் குறைக்கக்கூடிய இனத்தவரைத் தரகர் அங்கே கொண்டுவரக் கூடாது என்று எழுதியிருந்தது. அந்தச் சங்கத்தில் இடம் கிடைக்காத கறுப்பினத் தரகர்கள் பன்னிரண்டு பேர் 1947-ல் புளோரிடாவின் டாம்பா நகரில் கூடித் தங்களுக்கென்று தனிச் சங்கம் தொடங்கினார்கள். ‘ரியல்டர்’ என்ற பட்டம் மற்றவர்களுக்கு உரியது என்றதும் தங்களை ‘ரியல்டிஸ்ட்’ என்று அழைத்துக்கொண்டார்கள். வீட்டு வசதியில் ஜனநாயகம் வேண்டும் என்பது அவர்களின் முழக்கம். தரகுத் தொழிலை அவர்கள் உரிமைப் போராட்டத்தின் ஒரு கருவியாகவே பார்த்தார்கள். 1968-ல் நியாய வீட்டுவசதிச் சட்டம் வந்தது. பழைய பாகுபாட்டுக்காக அந்தப் பெரிய சங்கம் மன்னிப்புக் கேட்டது 2020 நவம்பரில்தான்.

நம் மாவட்டத்துக்கு இதில் என்ன இருக்கிறது? நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிலமற்ற ஆதிதிராவிட, பழங்குடி விவசாயக் கூலிப் பெண்கள் நிலம் வாங்க 50 விழுக்காடு மானியம், அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய்; முத்திரைத்தாள் கட்டணமும் பதிவுக் கட்டணமும் கிடையாது. நல்ல திட்டம். ஆனால் நிலத்தைப் பயனாளியே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். விற்பவர் ஆதிதிராவிடர், பழங்குடியினர் அல்லாதவராக இருக்க வேண்டும். தோட்ட வேலைக்குப் போகிற ஓர் அக்கா, தான் கூலிக்குப் போகிற அதே நிலத்துக்காரரிடம் போய் ‘எனக்கு அரை ஏக்கர் விலைக்குத் தாருங்கள்’ என்று கேட்க வேண்டிய நிலை. அந்த இடத்தில் விலை பேச, ஆவணம் பார்க்க, விற்பவரையும் வாங்குபவரையும் பதிவு அலுவலகம் வரை கொண்டுபோய்ச் சேர்க்க நம்மிலிருந்து பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தால் அந்த மானியம் நிலமாக மாறும்.

சட்டம் கேட்பது என்ன?

தரகுத் தொழில் இன்று சட்டத்துக்குள் வந்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, பதிவு செய்யப்பட்ட திட்டத்தின் மனையையோ அடுக்ககத்தையோ விற்க உதவும் முகவர் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைத் திட்டங்கள் பதிவுக்கு உட்பட்டவை. பதிவில்லாமல் தரகு பார்த்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், மனை விலையில் 5 விழுக்காடு வரை அபராதம் ஏறலாம். ஊருக்குள் ஒருவர் தன் இரண்டு சென்ட்டை இன்னொருவருக்கு விற்கும்போது நடுவில் நிற்பவருக்கு இந்தப் பதிவு தேவையில்லை.

பயிற்சிக்குச் சேரும் பிள்ளைகளை ‘நீ போய் ஆள் பிடித்து வா’ என்று அனுப்புகிற நிறுவனம், அவர்களுக்கு இந்தப் பதிவை வாங்கித் தருகிறதா என்று கேட்க வேண்டும். இல்லையென்றால் அபராதம் யார் தலையில் விழும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

பதிவுக்குக் கட்டணம் எவ்வளவு? 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு விதிகளின்படி தனிநபருக்கு 25,000 ரூபாய். பான் அட்டை வேண்டும், தொழில் செய்யும் இடத்துக்கான முகவரிச் சான்றும் வேண்டும். கல்வித் தகுதி எதையும் ஒன்றியச் சட்டம் கேட்கவில்லை. பார்க்க எளிமையாகத் தெரிகிறது. ஆனால் நம் பிள்ளை 25,000 ரூபாயைப் புரட்டினாலும் பஜாரில் கடை வாடகைக்குக் கிடைக்க வேண்டும். சாதியைக் கேட்காமல் கடை கொடுப்பவர்கள் எத்தனை பேர்? கிடைக்காவிட்டால் தெரு முகவரியைத்தான் கொடுக்க வேண்டும். அந்த முகவரியே யார் என்று சொல்லிவிடும். அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் 2025 ஏப்ரல் 29-ல் சட்டமன்றத்தில் அறிவித்ததை வரவேற்கிறோம். விண்ணப்பப் படிவத்தில் அந்தச் சொல் மறைவதோடு, படிவத்தைப் படிக்கிறவர் மனத்திலிருந்தும் மறைய வேண்டும்.

மகாராஷ்டிரத்தில் 2023 முதல் முகவர்களுக்குப் பயிற்சியும் தேர்வும் கட்டாயம். இந்த நடைமுறை மற்ற மாநிலங்களுக்கும் பரவினால், பயிற்சி பெறாதவர் தொழிலுக்குள்ளேயே வர முடியாது. அன்றைக்கு ஓடுவதைவிட இன்றைக்கே நடந்து போய்ச் சேர்வது நல்லது.

விண்ணப்பிக்கும் முன்

சரியான பயிற்சி என்றால் தயங்காமல் விண்ணப்பியுங்கள். சரியானதா என்று அறிய இவற்றைக் கேளுங்கள்.

நடத்துவது யார்? அரசுத் துறை என்றால் மாவட்டத் தாட்கோ மேலாளர் அலுவலகத்திலோ மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்திலோ நேரில் உறுதி செய்யலாம். தனியார் என்றால் அவர்கள் விற்கும் மனைத் திட்டத்தின் ஒழுங்குமுறை ஆணையப் பதிவு எண்ணையும் நகர் ஊரமைப்புத் துறை அனுமதி எண்ணையும் கேளுங்கள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்ததும், இரண்டு சென்ட், மூன்று சென்ட் என்று வாங்கிப்போட்ட ஏழைகள் 2017 வரன்முறை விதிகள் வரும்வரை தவித்ததும் மறந்துபோகக் கூடியதா?

எழுத்தில் என்ன இருக்கிறது? பயிற்சிக் காலம், மாத உதவித்தொகை, எந்தத் தேதியில் வங்கிக் கணக்கில் ஏறும், முடிந்ததும் என்ன சான்றிதழ், யார் தருவது என்பதெல்லாம் தாளில் இருக்க வேண்டும். வாயால் சொன்னது கணக்கில் வராது.

என்ன பாடம்? நிலச் சட்டம், ஆவணம் படித்தல், அளவை, வங்கிக் கடன் நடைமுறை, வாங்குபவரின் உரிமை ஆகியவை இருந்தால் அது படிப்பு. ‘ஒரே ஆண்டில் கார் வாங்குவது எப்படி’ என்று மூன்று நாள் பேசினால் அது படிப்பில்லை. உங்களுக்குக் கீழே ஆள் சேர்த்தால் கமிஷன் என்றால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். அப்படிப் பணம் சுழற்றும் திட்டங்களை 1978-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது.

எதைக் கொடுக்கக் கூடாது? அசல் சான்றிதழ், வெற்றுத்தாளில் கையெழுத்து, நிரப்பாத காசோலை, ஓ.டி.பி. எண், இவை நான்கையும் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அரசுத் திட்டத்துக்குச் சாதிச் சான்றும் வருமானச் சான்றும் கேட்பார்கள், அது முறை. நிலம் விற்கும் தனியார் நிறுவனம் உங்கள் சாதிச் சான்றின் நகலை எதற்குக் கேட்கிறது? இந்தக் கேள்வியில் ஒரு பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது.

நிபந்தனை நிலத்தைப் பட்டியல் சாதியினர் அல்லாதவர் வாங்க முடியாது. ஆகவே தன்னிடம் வேலை செய்யும் நம் பையன் பெயரில் வாங்கி, அவனிடமே பவர் எழுதி வாங்கிக்கொள்ளும் வழக்கம் தமிழ்நாட்டில் பழையது. பயிற்சிக்குப் போன பிள்ளை, தெரியாமலேயே தன் மக்களின் நிலத்தைக் கைமாற்றும் பினாமியாகிவிடக் கூடாது. 2016-ல் திருத்தப்பட்ட பினாமிச் சட்டத்தில் ஓராண்டு முதல் ஏழாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பெயர் கொடுத்தவருக்கும் அது பொருந்தும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், பட்டியல் சாதியினரின் நிலத்தை முறைகேடாக ஆக்கிரமிப்பதும் அவர்களை நிலத்திலிருந்து வெளியேற்றுவதும் குற்றம் என்று தெளிவாகவே இருக்கிறது. அந்தப் பிரிவுகளைச் சொல்லித் தராத நிலப் பயிற்சி நமக்கு அரைப் பயிற்சிதான்.

பெண்கள் கூடுதலாக ஒன்று கேட்க வேண்டும். மனை காட்டத் தனியாக அனுப்புவார்களா, எத்தனை மணி வரை, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படியான உள் புகார்க் குழு இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டதற்காகவே இடம் தரவில்லை என்றால் அந்த இடம் போனதற்கு வருந்த வேண்டாம்.

பணம் கட்டி ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு மூடி மறைக்க வேண்டியதில்லை. இணையவழியில் பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

நல்ல தரகர் சொல்ல வேண்டியது

இந்தக் கடற்கரைக்கென்று ஒரு பாடம் தனியாக வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறக்கவில்லை. நம் பக்கத்து ஊரான காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவானது. தாமிரபரணியின் கடைமடையில் இருக்கிறோம். குளம் உடைந்தால் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். மனை வரைபடம் போட்டவருக்குத் தெரியாது, அல்லது தெரிந்தும் சொல்ல மாட்டார். தாழ்வான இடத்தில் குடியிருக்க விடப்பட்டவர்கள் நாம். எந்த ஓடை எங்கே திரும்பும், எந்த மண்ணில் உப்பு ஏறும், தேரி மணலில் எவ்வளவு ஆழம் தோண்டினால் நல்ல தண்ணீர் என்பதெல்லாம் நம் தாய் தகப்பன் உடம்பால் கற்ற அறிவு. இந்த அறிவோடு ஆவணம் படிக்கும் பயிற்சியும் சேர்ந்தால், ‘இந்த மனை வேண்டாம், இதில் தண்ணீர் நிற்கும்’ என்று வாங்குபவரிடம் நேர்மையாகச் சொல்லும் தரகர் கிடைப்பார். அவரை எந்தச் சாதிக்காரரும் தேடி வருவார்.

அரசு செய்ய வேண்டியது

தாட்கோ 1974-ல் தொடங்கப்பட்டது. அதன் பெயரிலேயே வீட்டுவசதி இருக்கிறது. விமானப் பணிப்பெண் பயிற்சி வரை நடத்தும் நிறுவனம், நிலம், மனை தொடர்பான தொழிலுக்கும் உதவித்தொகையுடன் முறையான பயிற்சி தர வேண்டும். தூத்துக்குடி மாவட்டத்தில் அதைத் தொடங்குவதே பொருத்தம், ஏனென்றால் நிலத்தின் விலை ஏறிக்கொண்டிருப்பது இங்கேதான். வருவாய்த் துறையிலும் பதிவுத் துறையிலும் ஓய்வு பெற்றவர்களையே ஆசிரியர்களாக வைக்கலாம். தேர்ச்சி பெறுபவர்களின் ஒழுங்குமுறை ஆணையப் பதிவுக் கட்டணம் 25,000 ரூபாயைத் தாட்கோவே கட்டலாம், அல்லது ஆணையம் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அதைத் தள்ளுபடி செய்யலாம். தொழில் தொடங்க 35 விழுக்காடு மானியம் தரும் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் சேவைத் தொழில்களும் அடக்கம் என்பதால் அலுவலகம் அமைக்க அதைப் பயன்படுத்தலாம். பயிற்சி முடித்தவர்களை நன்னிலம் திட்டத்தோடு இணைத்து, நிலம் கண்டுபிடித்துக் கொடுக்கும் பணிக்கு அரசே ஒரு தொகை நிர்ணயிக்கலாம். ஒவ்வொரு ஊரிலும் நிபந்தனை நிலங்களின் சர்வே எண்களைக் கிராம நிர்வாக அலுவலகத்தில் பலகையில் எழுதி வைக்க வேண்டும். தரகர்கள் எல்லாருக்கும் தெரிந்த தகவல், நிலத்துக்கு உரியவர்களுக்கும் தெரியட்டும்.

இவற்றை ஒரு மனுவாக எழுதித் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுப்பதற்குக் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் போதும். மனுவுக்குத் தரும் ஒப்புகை எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரும்வரை, செல்போனில் ‘பெய்ட் டிரெய்னிங்’ என்று வரும் ஒவ்வோர் அறிவிப்பையும் திறக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதேதான்: பணம் என் கைக்கு வருகிறதா, என் கையிலிருந்து போகிறதா? பதில் எழுத்தில் வந்த பிறகு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுங்கள்.